அய்யனுக்கு மூன்று அடைப்பு: நெஞ்செலும்பைத் திறந்து பைபாஸா, விலா இடுக்கு வழியாகவா?

அமராவதிப் பாசனம் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கமுங்க. தாராபுரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். அய்யனுக்கு வயது 61. சுகர் வந்து 14 வருடம் ஆகிறது. ஒரு மாதமாக வாய்க்கால் மேட்டில் ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தே நாளை ஓட்டிவிட்டார். போன வாரம் கோவையில் ஆஞ்சியோ எடுத்தோம். மூன்று குழாயில் அடைப்பு. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் எல்ஏடி குழாயில் ஆரம்பத்திலேயே 90 சதவீதம், இடப்பக்கக் கிளையில் 80, வலப்பக்கக் குழாயில் 75. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் பம்பிங் 50 சதவீதம்.

முதலில் பார்த்த டாக்டர், நெஞ்செலும்பைத் திறந்து பைபாஸ் செய்யவேண்டும், மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார். இரண்டாவது ஆஸ்பத்திரியில், இடது விலா இடுக்கில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் கீறிச் செய்யலாம், எலும்பை வெட்டவேண்டியதில்லை, மூன்று வாரத்தில் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். செலவு ஒன்றேகால் லட்சம் கூடுதல். மாமா, எதுக்கு அறுக்கறீங்க, ஸ்டென்ட் வைத்து அனுப்பச் சொல்லுங்க என்கிறார்.

வீட்டில் ஆறு கறவை மாடு. காலை நாலரைக்கும் மாலை மூன்றரைக்கும் பால் கறப்பது அய்யன்தான். தவிட்டு மூட்டையும் அவர்தான் தூக்குவார். நான் திருப்பூரில் வேலையில் இருக்கிறேன். அந்த மூன்று மாதம், மூன்று வாரம் என்ற வித்தியாசம்தான் என் கண்ணில் நிற்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

தறிச்சத்தம் | ஞாயிறு, இரவு 10.05

எனக்கு விலா வழியாகத்தான் செய்தார்கள். சோமனூர் பக்கம், விசைத்தறி வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது, அப்போது வயது 54. எனக்கும் மூன்று பைபாஸ்தான். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பதினெட்டாம் நாள் தறிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் பைக் ஓட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும் தம்பி. வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. எலும்பை வெட்டுவதில்லை, ஆனால் விலா எலும்புகளை விரித்துத்தான் வேலை செய்கிறார்கள். விலாவுக்கு அடியில் நரம்பு ஓடுகிறதல்லவா, அது முதல் நாலு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இருமினால் கத்தியால் குத்துவது போல இருக்கும். அதற்கென்று நரம்பு மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், அது போட்ட பிறகுதான் மூச்சை இழுத்துவிட முடிந்தது. இடது மார்புக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு இன்றைக்கும் உணர்ச்சி குறைவு. அதெல்லாம் போகட்டும், இரண்டு கையையும் ஊன்றி எழுந்திருக்க முதல் வாரத்திலேயே முடிந்தது. நெஞ்செலும்பைத் திறந்தவர்களுக்கு அது முடியாது.

மஞ்சமண்டி | ஞாயிறு, இரவு 10.40

ஈரோட்டிலிருந்து. என் மாமியாருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாலு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார்கள். கை மணிக்கட்டு வழியாகவே முடித்துவிட்டார்கள், தையல்கூட இல்லை. இவ்வளவு வசதி வந்த பிறகு ஏன் நெஞ்சில் கை வைக்கவேண்டும்? அதுவும் இந்த விலா வழி ஆபரேஷன் புதிதாக வந்தது. நம் வீட்டுப் பெரியவர்மேல் சோதனை பண்ண விடவேண்டுமா என்பதையும் யோசிங்க.

தியேட்டர் சிஸ்டர் | திங்கள், காலை 6.20

நைட் டியூட்டி முடித்து எழுதுகிறேன். கோவையில் இதய ஆபரேஷன் தியேட்டரில் 11 வருடமாக நர்சாக இருக்கிறேன். இரண்டு விதத்திலும் டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அய்யனுக்கு எது சரி என்று முடிவு சொல்ல நான் ஆளில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் மஞ்சமண்டி அண்ணாவுக்கு. உங்கள் மாமியாருக்கு ஸ்டென்ட் சரியாகத்தான் இருந்திருக்கும். மாரடைப்பு வந்து துடிக்கிற ஆளுக்கும் ஸ்டென்ட்தான் முதல் வைத்தியம், அதில் நிமிடக் கணக்கு. ஆனால் இவருக்குச் சுகரும் இருக்கிறது, மூன்று குழாயும் அடைத்திருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் 1,900 பேரை வைத்து ஃப்ரீடம் என்று ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2012-ல் வெளியிட்டார்கள். ஐந்து வருடத்தில் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றில் ஏதாவது ஒன்று ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம் பேருக்கு. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் அதிகம், அங்கே 5.2 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 2.4. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஸ்டென்ட் அடைத்த இடத்தை மட்டும் விரித்து நிறுத்தும். சுகர்காரர்களுக்கு அதே குழாயில் இன்னொரு இடம் நாளைக்கு அடைக்கும். பைபாஸ் என்பது அடைப்பையெல்லாம் தாண்டி, கீழ்மடையில் புது வாய்க்காலைக் கொண்டுவந்து சேர்ப்பது. மேலே மறுபடி மண் சரிந்தாலும் கீழே தண்ணீர் போகும்.

அடுத்து, புதிது என்று சொன்னீர்கள். 1964-ல் லெனின்கிராடில் கொலேசோவ் என்ற டாக்டர் மார்புக்குள் ஓடும் ரத்தக்குழாயை எடுத்து இதயக் குழாயில் தைத்தார். இடது விலாப் பக்கம் திறந்துதான் செய்தார், ஆபரேஷன் நேரத்தில் இதயத்தின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரமும் வைக்கவில்லை. கிளீவ்லேண்டில் ஃபவலோரோ என்ற டாக்டர் கால் நரம்பை, அதாவது காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாயை, வைத்து பைபாஸ் செய்தது அதற்கும் பின்னால், 1967-ல். நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் செரியன் நாட்டிலேயே முதல் முறையாக பைபாஸ் செய்தது 1975. நெஞ்செலும்பைத் திறந்தால் இதயம் முழுசாகக் கண் முன்னால் தெரியும், எல்லாக் குழாயும் கைக்கு எட்டும். அதனால் உலகம் முழுக்க அந்த வழியே நிலைத்தது. தொண்ணூறுகளில் துடிக்கிற இதயத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவி வந்த பிறகு மறுபடி பக்கவாட்டு வழி பிடித்தார்கள். முதலில் எல்ஏடி ஒன்றுக்கு மட்டும்தான். 2005 வாக்கில் நியூயார்க்கில் மெக்கின் என்பவர் அதே சின்னத் துவாரம் வழியாக மூன்று குழாய்க்கும் செய்ய ஆரம்பித்தார். அதைத்தான் இங்கே மிக்ஸ் என்கிறார்கள்.

தியேட்டரில் என்ன செய்வார்கள் என்றால், இரட்டைக் குழாய் வைத்து மயக்கம் கொடுப்பார்கள். இடது நுரையீரலைக் காற்று இறக்கிச் சுருக்கி வைத்து, வலது நுரையீரல் ஒன்றில் மட்டும் மூச்சு ஓடும். நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கில் திறப்பார்கள். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒட்டி ஓடும் லிமா குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இறக்குவார்கள். ஆபரேஷனின் உயிரே அதுதான். லிமாவை எல்ஏடியில் தைத்தால் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கிறது. கால் நரம்பு அப்படி இல்லை, பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துப்போகும். வெளியே தழும்பு எத்தனை அங்குலம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். உள்ளே எந்தக் குழாயை எங்கே தைக்கப்போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு நுரையீரலில் மூச்சு ஓட்டவேண்டும் என்பதால் எல்லாருக்கும் இது ஒத்துவராது. மில்லில் பஞ்சுத் தூசியில் இருபது வருடம் நின்றவர்கள், பீடிக்காரர்கள், முன்பு நெஞ்சில் சளிக்கட்டோ காசநோயோ வந்தவர்கள், இவர்களுக்கு ரொம்ப யோசித்துத்தான் செய்வார்கள். குழாய் தசைக்குள் புதைந்திருந்தாலும், சுண்ணாம்பு படிந்து கல்லாகி இருந்தாலும், பம்பிங் மிகவும் குறைந்திருந்தாலும், அவசர கேஸ் என்றாலும் நெஞ்செலும்பு வழிதான் பத்திரம்.

அந்த இரண்டாவது டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்க: மூன்று குழாய்க்கும் விலா வழியாகவே தைப்பீர்களா, இல்லை எல்ஏடிக்கு மட்டும் தைத்து மற்றதுக்கு ஸ்டென்டா? வருடத்துக்கு எத்தனை பேருக்கு இப்படிச் செய்கிறீர்கள்? நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? மூச்சுத் திறன் சோதனையும் நெஞ்சு சிடி ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறீர்கள்?

ஊத்துக்குளி | திங்கள், காலை 11.30

சிஸ்டர் கேட்கச் சொன்ன மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெரியண்ணனுக்குப் போன ஆடியில் விலா வழி என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்ல விரும்பவில்லை. நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆறு மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. அண்ணி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பிறகு ஒருவர் வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, நெஞ்செலும்பைத் திறந்து முடித்திருக்கிறோம், நலமாக இருக்கிறார் என்றார். அண்ணன் பிழைத்தார், இன்றைக்கும் நடமாடுகிறார், அதற்கு அந்த டாக்டர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் இப்படி மாறலாம் என்று முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், நாங்கள் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று அந்த இரண்டு மணி நேரம் செத்திருக்க மாட்டோம். கையெழுத்துப் போட்ட தாளில் எழுதித்தான் இருந்ததாம். இங்கிலீஷில் ஏழு பக்கம். எங்கள் வீட்டில் யார் படித்தது?

தியேட்டர் சிஸ்டர் | திங்கள், பிற்பகல் 2.15

ஊத்துக்குளி அண்ணா, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். மாற்றித் திறப்பது தோல்வி இல்லை, ஆளைக் காப்பாற்ற எடுக்கிற முடிவு. நியூயார்க்கிலும் கனடாவின் ஒட்டாவாவிலும் சேர்த்து முதல் 450 பேருக்குச் செய்ததை 2009-ல் வெளியிட்டபோது அவர்களே 17 பேருக்கு நெஞ்செலும்பைத் திறக்கவேண்டி வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வேலையில் உலகத்திலேயே தேர்ந்த கை அது. அப்படி இருக்கும்போது வீட்டாரிடம் முன்கூட்டியே தமிழில் சொல்வதில் ஆஸ்பத்திரிக்கு என்ன குறைந்துவிடும்? எங்கள் தியேட்டரில் நான் பார்க்கிற வீட்டாருக்கு நானே சொல்லிவிடுவேன்.

மஞ்சமண்டி | திங்கள், இரவு 8.50

சிஸ்டர், விவரமாகச் சொன்னதுக்கு நன்றிங்க. சுகர் விஷயம் எனக்குத் தெரியாது. மாமியாருக்குச் சுகர் இல்லை, அடைப்பும் ஒரே குழாயில்தான். நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, வினிகர் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று எல்லாக் குரூப்பிலும் வருகிறதே. எங்கள் தெருவில் ஒருத்தர் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

தியேட்டர் சிஸ்டர் | திங்கள், இரவு 9.05

கரையாதுங்க அண்ணா. அந்த அடைப்பு குழாயின் சுவருக்குள்ளே வருடக்கணக்காகப் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும். குடிக்கிற சாறு அதைப் போய்த் தொடாது. அவர் வீட்டில் இன்றைக்கே போய்ச் சொல்லுங்க, தயவுசெய்து. ரசத்தில் பூண்டு போட்டுச் சாப்பிடட்டும், தேதியைத் தள்ளவேண்டாம்.

கொடுமுடியான் | செவ்வாய், காலை 7.40

செலவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு ₹1,20,000-க்குள் என்று விஏஓவிடம் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்தில் அட்டை எடுக்கவேண்டும். குடும்பத்துக்கு வருடம் ₹5 லட்சம் வரை. அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும், திட்டத்தில் சேர்ந்த தனியாரிலும் செல்லும். ஆனால் விலா வழி என்றால் மேலே தனியாகக் கட்டச் சொல்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. அட்டை இருக்கிறது என்று நம்பிப் போய், கடைசி நாளில் நகையை வைக்க ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

அமராவதிப் பாசனம் | வெள்ளி, இரவு 11.20

சிஸ்டர் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அந்த இரண்டாவது டாக்டரிடம் போனோம். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் படம் போட்டுச் சொன்னார். மூன்றுக்கும் விலா வழியாகவே தைப்பேன், லிமா எல்ஏடிக்கு, கால் நரம்பு மற்ற இரண்டுக்கும், சிடி பார்த்துவிட்டு உறுதி சொல்கிறேன் என்றார். எடுத்தோம்.

மாலையில் கூப்பிட்டு, இவருக்கு முன்பு எப்போதாவது காசநோய் வந்ததா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அம்மாவும் இல்லை என்றாள். அய்யன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், பெருந்துறை சானடோரியத்தில் நாலு மாசம் இருந்தேன், பத்தொன்பது வயசில், என்றார்.

எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அப்பத்தா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் தூக்குப்போசியில் கம்மஞ்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருமாம். ஊரில் கேட்டவர்களிடம் கரூரில் மாமன் வீட்டில் வேலைக்கு இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், தங்கச்சிகளுக்கும் மாப்பிள்ளை வராது என்று அப்பத்தா சத்தியம் வாங்கிக்கொண்டதாம். நாற்பத்திரண்டு வருடம் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். நோய் அப்போதே முழுசாகக் குணமாகிவிட்டது. ஆனால் இடது நுரையீரலின் மேல்பாகம் விலாச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கிறது. சிடியில் நூல் நூலாகத் தெரிகிறது.

டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இதைப் பிரித்துக்கொண்டு போனால் நுரையீரல் கிழியும், ரத்தம் கசியும், லிமாவை நல்லபடியாக எடுக்கமுடியாது, இவருக்கு நெஞ்செலும்பு வழியாகச் செய்வதுதான் சரி, நானே செய்கிறேன், இல்லை முதலில் பார்த்த டாக்டரிடமே போனாலும் சரிதான் என்றார். கூடுதல் காசு வரும் ஆபரேஷனை வேண்டாம் என்று அவரே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுக்கும்போதுதான், எங்கிட்டச் சொன்னா நான் என்ன கட்டிக்கமாட்டேன்னா சொல்லியிருப்பேன் என்று கேட்டாள். அய்யன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

தறிச்சத்தம் | சனி, காலை 5.50

படித்துவிட்டு மனசு என்னவோ ஆகிவிட்டது தம்பி. என் அப்பிச்சியும் அதே சானடோரியத்தில் இருந்தவர். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எடுத்தால் அம்மாயி விளக்கை அணைக்கச் சொல்லிவிடும்.

என் பக்கத்துக் கட்டிலில் நெஞ்செலும்பு வழி செய்தவர் ஒருவர் இருந்தார், அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் எடுத்துவிடுங்க. அது குழிந்து இருக்கும், கையை ஊன்றித்தான் எழவேண்டி வரும். உயரமான பலகைக் கட்டில் போடுங்க. எழும்போது ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, பின்னால் ஒருவர் முதுகைத் தாங்கிக்கொள்ளவேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இருமல் வந்தால் சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்க. மூன்று பந்து இழுக்கும் மூச்சுக் கருவியை ஆபரேஷனுக்கு முன்னாடியே பழகவிடுங்க.

தியேட்டர் சிஸ்டர் | சனி, மாலை 4.30

அந்த வயதில் அதைத் தனியாகத் தாங்கியிருக்கிறார். உங்கள் அய்யனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

தயாராக வேண்டியது இரண்டு. ரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரினை நிறுத்தமாட்டார்கள். எதை எப்போது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்க, நீங்களாக நிறுத்தவேண்டாம். சுகரை முதலில் கட்டுப்படுத்துங்க. சுகர் ஏறி இருந்தால் நெஞ்செலும்பில் சீழ் பிடிக்கும், அது வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். நெஞ்செலும்பு வழியில் நான் பயப்படுகிற ஒரே விஷயம் அதுதான்.

அமராவதிப் பாசனம் | மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 10.00

ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். இரண்டாவது டாக்டரே செய்தார். மூன்று பைபாஸ், இயந்திரம் வைக்காமல் துடிக்கிற இதயத்திலேயே. லிமா நல்ல குழாயாக இருந்தது என்றார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நரம்பு எடுத்த கால்தான் வீங்கியிருக்கிறது, உட்காரும்போது தூக்கி வைக்கச் சொன்னார்கள். பலகைக் கட்டில் போட்டாயிற்று.

மாட்டை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா, ஒரு வேளை நான் கறக்கிறேன், சொசைட்டிக்கும் நானே ஊற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். நான்கை வைத்துக்கொண்டு இரண்டைக் கொடுத்துவிட்டோம். நான் மூன்று மாதம் லீவு கேட்டேன், ஒன்றரை மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

அமராவதிப் பாசனம் | ஏழாவது வாரம், ஞாயிறு, காலை 7.15

நேற்று செக்கப். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்து வருகிறது, இன்னும் ஐந்து வாரம் பாரம் வேண்டாம் என்றார்கள். தினமும் வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார். அந்த மேட்டில் ஏறும்போது இறுக்கம் இல்லை. ஏறி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இன்று காலை கட்டுத்தறியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் கறப்பதைப் பார்த்து, காம்பை இழுக்காதே, அழுத்து என்று சொல்லிக்கொடுத்தார். செவலை இன்னும் என்னிடம் முழுசாகச் சுரப்பு விடவில்லை. அவர் பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தால்தான் விடுகிறது.

சிஸ்டர், ஒரு சந்தேகம். தடவிக்கொடுக்கும்போது வலது கையைத் தோளுக்கு மேலே தூக்குகிறார். அது பரவாயில்லையா?

தியேட்டர் சிஸ்டர் | ஞாயிறு, காலை 9.40

ஏழு வாரம் ஆகிவிட்டது, வலி இல்லாத அளவுக்குத் தூக்கலாம். நெஞ்சில் 'கிளிக்' என்று சத்தமோ அசைவோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்க. மாடு திடீரென்று இழுத்தால் கயிறு அவர் கையில் இருக்கக்கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்க.